இரண்டு மில்லிமீட்டர்

என்னைக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்ன அன்றுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் கிட்டார் வகுப்பு. சனி, ஞாயிறு சாயங்காலம். அங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. சொல்லிக்கொடுக்கிற சார் என் பெண்ணைவிட ஒரு வயதுதான் மூத்தவர். ஏன் இந்த வயதில் கிட்டார் என்று கேட்காத ஆள் கிடையாது. ஆசையாக இருந்தது, வாங்கினேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பது வயதில் ஒருத்திக்குப் பாகற்காய் பிடித்துப்போனால் யாராவது விளக்கம் கேட்கிறார்களா?

ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வாசிக்கப்போகிறவர்களின் பட்டியலை சார் சுவரில் ஒட்டினார். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். நான் அதில் இல்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"ஆன்ட்டி, உங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வெச்சிருக்கேன். கிளாஸ்லயே நீங்கதான் மூத்தவங்க. குத்துவிளக்கு நீங்கதான் ஏத்தறீங்க. இன்விடேஷன்லயே போட்டாச்சு."

"விளக்கு ஏத்தக் கத்துக்கவா சார் ரெண்டு வருஷமா வந்தேன்?"

அவர் நல்ல பிள்ளைதான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. உங்க டைமிங் ரொம்ப நல்லா இருக்கு. விரல்தான் கொஞ்சம் தடிமன். ஏ கார்டு இன்னும் பேச மாட்டேங்குது. ஸ்டேஜ்ல டொக்கு டொக்குன்னு கேட்டா உங்களுக்குத்தானே கஷ்டம்."

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் எரிச்சல். கார்டு என்றால் பல தந்திகளை ஒன்றாக ஒலிக்க வைப்பது. அதில் ஏ கார்டு என்பது மூன்று விரலையும் ஒரே கட்டத்துக்குள், அடுத்தடுத்த மூன்று தந்திகளின் மேல் வைக்க வேண்டியது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிற பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்காருவது மாதிரி. விரல் பக்கத்துத் தந்தியைத் தொட்டால் போதும், அந்தத் தந்தி செத்துவிடும். ஐந்து தந்தி ஒலிக்க வேண்டிய இடத்தில் எனக்கு மூன்று ஒலிக்கும். மீதி இரண்டும் டொக்.

"அஞ்சு ஸ்ட்ரிங்கும் பேசிட்டா?" என்று கேட்டேன்.

"பேசிட்டா லிஸ்ட்ல போட்டுடறேன் ஆன்ட்டி. எனக்கென்ன?"

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் லிஸ்டை மூடாதீங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. இரண்டு வருஷமாக அந்த விரல்களோடு நான் பட்ட பாடு கொஞ்சமா? நகத்தைச் சதை வரைக்கும் வெட்டினேன். வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைத்தால் வீக்கம் வடியும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தேன். அது வீக்கமே இல்லை, என் விரலே அதுதான். எனக்குப் பிறந்த வீடு மணப்பாறை. என் வீட்டுக்காரர் அதை விடுவாரா? "முறுக்கு சுத்தற கை, அது எங்க கம்பிக்குள்ள போகும்?" என்பார். சிரித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் என் விரல்களை நானே திட்டுவேன். சில நாள் அழுததும் உண்டு.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அளப்பதுதான் என் பிழைப்பு. துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். வெளியே போகிற ஒவ்வொரு பீஸையும் வெர்னியர் வைத்து அளந்து, அளவு தப்பாக இருந்தால் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன். அங்கே எனக்கு வாய் அதிகம் என்று பெயர். சேர்ந்த புதிதில் ஆம்பளைகளுக்குத் தைத்த கையுறையைக் கொடுத்தார்கள், விரல் நுனி தொளதொளவென்று தொங்கும். என் அளவுக்கு வாங்கிக் கொடுத்தால்தான் பீஸைத் தொடுவேன் என்று மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாம் நாள் வந்தது. அப்படிப்பட்டவள், ஒரு மரத்துண்டு முன்னால் இரண்டு வருஷம் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். சங்கீதம் என்றதும் தப்பு நம் மேல்தான் இருக்கும் என்று ஒரு பயபக்தி.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. ஷாப்பில் ஒரு ஃபிட்டர் இரண்டு வட்டத் தகடுகளை ஒன்றாகச் சேர்த்து போல்ட் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு போல்ட் இறங்கிவிட்டது, எட்டாவது இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினார். போல்ட்டை மாற்றினார். மறுபடி தட்டினார். "என்ன போல்ட்டு வாங்கறானுங்க, எல்லாம் தண்டம்" என்று கத்தினார்.

நான் வெர்னியரோடு போனேன். "போல்ட்டை ஏன் திட்டறீங்க? ஓட்டைக்கு ஓட்டை எவ்ளோ தூரம்னு மொதல்ல அளங்க."

அளந்தோம். கடைசி ஓட்டை ஒன்றரை மில்லி தள்ளிப் போட்டிருந்தார்கள். போல்ட் சரியாகத்தான் இருந்தது. சிவப்புக் கோடு போட்டுவிட்டு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அப்புறம் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு கிட்டாரை எடுத்து மடியில் படுக்க வைத்தேன். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் தந்திகளைத் தாங்குகிற வெள்ளைத் துண்டு ஒன்று உண்டு, நட் என்பார்கள். அங்கே கழுத்தின் அகலம் நாற்பது மில்லி. தந்திக்கும் தந்திக்கும் இடைவெளி ஆறரைச் சொச்சம். என் ஆள்காட்டி விரல் நுனி பதினாறு.

இந்தக் கிட்டாரை மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் வாங்கியிருந்தேன். அன்றைக்குக் கடைக்காரர் என் கையைப் பார்க்கவில்லை, வளையலைத்தான் பார்த்தார். "லேடீஸ்க்கு இதாம்மா. கழுத்து சின்னதா இருக்கும், கைக்கு அடக்கமா இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார். நானும் பவ்யமாக வாங்கி வந்தேன். பொம்பளை என்றால் கை சின்னது, கை சின்னது என்றால் விரல் ஒல்லி. எவன் போட்ட கணக்கு இது?

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னடி, அதையும் ரிஜக்ட் பண்ணப் போறியா?"

"இதுவரைக்கும் என் கையைத்தாங்க ரிஜக்ட் பண்ணிட்டு இருந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி போடப் போய்விட்டார்.

மறுநாள் அரை நாள் லீவு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். பையிலிருந்து வெர்னியரை எடுத்ததும் கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அளந்து வாங்கறதுக்கு இது என்ன பைப்பாம்மா?"

"அளக்காம வாங்கித்தாங்க இங்க வந்து நிக்கறேன். ஒவ்வொண்ணா எடுங்க."

ஒன்பது கிட்டாரை அளந்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, மறுபடி நாற்பத்திரண்டு. எல்லாவற்றிலும் ஏ கார்டு போட்டுப் பார்த்தேன். ஒன்றில் நாலு தந்தி பேசியது, அதுவே எனக்குப் பெரிய விஷயம். பிறகு பின்சுவரில் உச்சியில் ஒன்று தூசியோடு தொங்குவதைப் பார்த்தேன். அகலக் கழுத்து, நைலான் தந்தி.

"அது கிளாஸிக்கல்மா. லேடீஸ் கைக்கு ஆகாது."

"எந்த லேடீஸ் கைன்னு நான் சொல்றேன். நீங்க எடுங்க."

நட்டில் ஐம்பத்திரண்டு மில்லி. தந்திக்குத் தந்தி எட்டரைக்கு மேல். பழையதைவிட இரண்டு மில்லிதான் அதிகம். ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்று விரலையும் வைத்து மேலிருந்து கீழே மெதுவாக ஒவ்வொரு தந்தியாக மீட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கம் இல்லை. சந்தோஷத்தில் பாதி, மீதி ஆத்திரம். இரண்டு மில்லிமீட்டருக்காகவா இரண்டு வருஷம் உப்புத் தண்ணீரில் கை ஊற வைத்தேன்? கடைக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். பழைய கிட்டாரை அவரே எடுத்துக்கொண்டு, புதியதன் விலையில் கழித்துக் கொடுத்தார். அதில் சிவப்புக் கோடு போடத் தோன்றவில்லை. அது ஒல்லி விரல்காரர் யாருக்காவது அருமையாகப் பொருந்தும். அதை வளையல் பார்த்துக் கொடுக்காமல் விரல் பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அகலக் கழுத்து ஒரேயடியாகச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். விரலுக்கு இடம் கிடைத்தது, ஆனால் தடித்த தந்தியை எட்டுவதற்குள் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. கட்டை விரலைக் கழுத்துக்குப் பின்னால் இன்னும் கீழே இறக்க வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. அதுவரை தைலம்தான். ஒற்றை விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துகிற கார்டு இன்றைக்கும் எனக்கு வராது. வராவிட்டால் போகட்டும். அது என் சோம்பேறித்தனம், பயிற்சியால் தீரும். விரலை மாற்றச் சொல்வதுதான் தீராது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உறையைக் கழற்றியதும் சார் தயங்கினார்.

"இது கிளாஸிக்கல் ஆச்சே ஆன்ட்டி. மத்தவங்கள்லாம் ஸ்டீல் ஸ்ட்ரிங். உங்க சவுண்டு மட்டும் தனியா கேக்கும்."

"கேக்கட்டுமே சார். ரெண்டு வருஷமா கேக்காமத்தானே இருந்துச்சு."

ஏ கார்டைப் போட்டேன். ஐந்து தந்தியும் பேசின. அவர் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டார், இன்னொரு தரம் போட்டேன். பிறகு வெர்னியரை எடுத்து, "விரலை நீட்டுங்க சார்" என்றேன். நீட்டினார். பன்னிரண்டரை. என்னுடையதையும் அளந்து காட்டினேன். மூன்றரை மில்லி வித்தியாசம். அவர் தன் விரலையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை நான்தான் பார்த்திருக்கணும் ஆன்ட்டி" என்றார்.

"ஆமா, நீங்கதான் பார்த்திருக்கணும்" என்றேன். பரவாயில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

பட்டியலில் கடைசியாக என்னையும் எழுதினார். "ஆனா விளக்கும் நீங்கதான் ஏத்தணும் ஆன்ட்டி. இன்விடேஷன்ல அடிச்சாச்சு" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விழா அன்று ஒரு சின்ன மண்டபம். முன்வரிசையில் என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மைக்கில் ஒரு பெண் இன்விடேஷனைப் பார்த்து வாசித்தாள். நம் வகுப்பின் மூத்த மாணவி, நம் எல்லோருக்கும் அம்மா போன்றவர், இப்போது குத்துவிளக்கேற்றி விழாவைத் தொடங்கி வைப்பார் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கிட்டாரோடு மேடை ஏறினேன். சார் கொளுத்திய மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆன்ட்டி, விளக்கு."

"கையில வேலை இருக்கு சார். நீங்களே ஏத்துங்க."

சார் என்னைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார், பிறகு குனிந்து விளக்கின் ஒவ்வொரு முகமாக அவரே ஏற்றினார். அவர் ஏற்றி முடிப்பதற்குள் நான் வாசிக்கிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்து, மூன்று விரலையும் அதன் அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.