மருந்துக் கொப்புளமும் மனுவின் கெடுவும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் தேனியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்து, பி.ஏ. படித்தவனைக் குமாஸ்தாவாக உட்கார வைத்தவன். கறுப்புக் கோட்டைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை. இரண்டாவது யுத்தம் தொடங்கிய சமயம், என் தங்கை புருஷனுக்காக மதுரையில் வக்கீல் அமர்த்தியதும் நான்தான்.

மாப்பிள்ளை மேகமலைத் தோட்டமொன்றில் பூச்சி மருந்து கலக்கும் வேலை பார்த்தார். பாஷாணம் சேர்ந்த மருந்து. துரை வீட்டு நாயைக் குளிப்பாட்டச் சோப்பு உண்டு. மருந்து கலக்குகிறவன் கையில் சுற்றக் கந்தல் கிடையாது. உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது, விரல்கள் மரத்தன. வேலையை விட்டு இறங்கி வந்தார். எங்கள் வீட்டு அறிவாளிகள் அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மன் வந்த வீட்டில் நோய் என்ற பேச்சே கூடாது, வைத்தியரும் கூடாது. கொப்புளம் வற்றியும், சித்திரைத் திருவிழாவில் நேர்த்தி முடியட்டும் என்றார்கள். அவர் தீச்சட்டி ஏந்தினார். கை வெந்தது, அவருக்குச் சுடவில்லை. அம்மன் கருணை என்று கும்பிட்டது ஊர். மூடக் கூட்டம்!

நான்தான் பெரிய டாக்டரிடம் இழுத்துப் போனேன். பாஷாணம் என்றார். வக்கீலிடம் போனால், சட்டப்படி வேலைக்குப் போகாமல் நின்ற நாளிலிருந்து ஒரு வருசத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டுமாம். அது கடந்திருந்தது. பாஷாணம் நரம்புக்குள் இறங்க எத்தனை வருசமும் எடுத்துக்கொள்ளலாம். விழுந்தவனுக்கு மட்டும் கெடு. இந்தச் சட்டத்தை எழுதியவன் எத்தனை படித்திருப்பானோ!

"அம்மைன்னு தப்பா நெனச்சுட்டேன், அதான் தாமதம்னு சொல்லுங்க. மனு நிக்கும்" என்று வக்கீல் சொல்லிக் கொடுத்தார்.

விசாரணையில் நஷ்டஈட்டு அதிகாரி, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். மாப்பிள்ளை கைகூப்பினார்.

"தப்பா நெனைக்கல சாமி. வந்தது ஆத்தாதான். கையத்தான் மருந்து தின்னுருச்சு."

"கை போனது மருந்தாலன்னு தெரியுமில்ல? அப்பவே ஏன் வரல?"

"ஆத்தா வீட்டுல இருக்கையில கோர்ட்டுப்படி எப்படிய்யா மிதிக்க?"

தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்று மனுவைத் தள்ளினார் அதிகாரி.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாப்ள, அந்த ஒரு வார்த்தையச் சொன்னா நாக்கு அழுகிருமா?"

"பொய் சொல்லலாம் மச்சான். ஆத்தாவ வச்சா சொல்றது?"

எதிர்த்த காபி கிளப்பில் காபி வாங்கிக் கொடுத்தேன். டம்ளர் அவர் விரல்களில் நிற்கவில்லை. கூட வந்திருந்த தங்கை பிடித்துப் புகட்டினாள். அடுத்த மேசையிலிருந்து தோட்டத்துக்காக வாதாடிய வக்கீல் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னொரு இட்லி கொண்டுவரச் சொன்னார்.