வெங்காயத் தோலைப் பார்க்கத் திண்டிவனம் போனேன்

பாப்பு, போன ஆயுத பூஜைக்கு நீ சொன்னது மறக்கவில்லை. "மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வெச்சோம்மா. வெச்சதோட சரி, திரும்பப் பீரோல பூட்டிட்டாங்க. ஒருவாட்டி உள்ள பாக்கணும்." அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்குப் பதில் நானாவது பார்க்கலாம் என்று போன சனிக்கிழமை கிளம்பினேன். திண்டிவனத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் உன் சித்தி மகள் கவிதாதான், பெற்றோருக்கு லேப்பைத் திறந்து காட்டுகிறார்கள் என்றாள். போகிறவர்களுக்கு உதவும், எழுது என்றதும் அவள்தான்.

வளவனூரில் காலை எட்டு மணிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். விழுப்புரத்தில் மாறினால் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சில சென்னை பஸ்கள் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே போய்விடும். ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"எங்கம்மா?"

"லேப்பு பாக்கணும்பா."

"ரத்தம் குடுக்கவா?"

"அந்த லேப்பெல்லாம் பாத்தாச்சு. இது பள்ளிக்கூடத்து லேப்பு."

"இனிமே டென்த்து எழுதப் போறியாம்மா? சரி, குந்து." ஐம்பது ரூபாய் வாங்கினார்.

அந்தப் பள்ளியில் டீச்சர் செய்து காட்ட, பிள்ளைகள் எட்டிப் பார்ப்பது என்பதே இல்லை. ஆளுக்கொரு வெங்காயம் வீட்டிலிருந்து கொண்டுவந்து, உள்தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் தெரிவதை வரைய வேண்டும். உடைந்த கண்ணாடி ஒரு டப்பாவில் கிடந்தது.

"உடைஞ்சா என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

"பெருக்கிட்டு வேற எடுப்போம்மா. உடையவே கூடாதுன்னா பூட்டித்தான் வெக்கணும்."

கவிதா என்னைக் குனியச் சொன்னாள்.

"கருப்பா ஏதோ ஆடுதுடி."

"அது உன் கண்ணு முடி, பெரிம்மா. ஏன் மூஞ்சியச் சுளிச்சிக்கினு பாக்குற?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் எதையோ திருகினாள். செங்கல் அடுக்கினாற்போல அறை அறையாக, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. இத்தனை வருஷம் இதையா குழம்புக்கு அரிந்தேன் என்று இருந்தது. டீச்சர் பென்சில் கொடுத்தார். கோணல்மாணலாக நானும் வரைந்தேன்.

போகிறவர்கள் முன்கூட்டியே பள்ளியில் கேட்டுவிட்டுப் போங்கள். பெரிய வெங்காயமாக எடுத்துப் போங்கள், சின்னதில் தோல் உரிக்க வராது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் லேப்பைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் திங்கட்கிழமை உன் பள்ளிக்கே போனேன். பையில் வெங்காயம் வைத்திருந்தேன்.

"உடைச்சிடுவாங்கம்மா," என்றார் சார்.

"உடையட்டும் சார். எம் பொண்ணு பாக்காமலே போயிட்டாளே."

சார் சாவியை எடுத்தார். உன் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மைக்ராஸ்கோப்பில் மூன்று பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. சார் துடைக்கத் துணி எடுத்தார். இருக்கட்டும் சார் என்று தடுத்துவிட்டேன்.

இந்த மூன்றில் நீ வைத்தது எது, பாப்பு?