பாதியில் நின்ற சைகை

பஸ் டிரைவருக்கு ஊரறிந்த வாய். ஹாரனே தேவையில்லை என்று கண்டக்டர் கேலி செய்வார். மகளிடம் மட்டும் அவர் கைகளால்தான் பேசுவார். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மனைவி போன பிறகு, அந்த வீட்டில் சண்டையும் கொஞ்சலும் விரல்களிலேயே நடந்தன.

மகள் தன்னைப் போலவே காது கேளாத ஒருவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். டிரைவர் தினமும் வேலை முடிந்ததும் போனை ஜன்னலில் சாய்த்துவைத்து அவளை அழைப்பார். அவள் நண்பர்கள் நடத்திய ஒரு சின்ன வீடியோ தளத்தின் வழியேதான் அந்த அழைப்பு போகும். நெட் தடுமாறினால் பெரிய கம்பெனிகளின் வீடியோ அழைப்பு குரலைக் காப்பாற்றும், படத்தைக் கைவிட்டுவிடும். இதுவோ கைகளைக் காப்பாற்றும்.

எல்லாத் தளங்களையும் நெட் கம்பெனிகள் ஒரே வேகத்தில் தரவேண்டும் என்ற விதியை நீக்கலாமா என்று அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. டிரைவர் அந்தக் கூட்டத்துக்கு யூனிஃபார்மோடு போய் மைக்கைப் பிடித்தார். மகளோடு கைகளால் பேசுவதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சவன் வண்டி பறக்கட்டும், மத்ததெல்லாம் ஊர்ந்து வரட்டும்னு ரோடு போட்டவன் சொல்லலாமாங்க?"

நெட் கம்பெனி வக்கீல் பணிவாகவே பதில் சொன்னார். "யாரையும் தடுக்கலீங்க. எல்லாரும் பாக்குற தளங்களை வேகமா, மலிவா குடுக்குறோம். உங்க பொண்ணு எழுதி அனுப்பலாமே?"

"எழுதுவா. அவ சிரிக்கிறதை யாரு எழுதுறது?"

அரங்கம் கைதட்டியது. ஆனாலும் விதியை நீக்கிவிட்டார்கள். வேக வழிக்குப் பணம் கட்ட வக்கில்லாத அந்தச் சின்னத் தளம் திக்கித் திணறியது.

வெகுகாலம் கழித்து மகள் உண்டானாள். மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிட்டது.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அழைத்தாள். முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கைகளைத் தொட்டில்போல் மடித்தாள். கண்களை மூடினாள். அவர் திரையில் படம் அப்படியே நின்றுபோனது.

குழந்தை தூங்குகிறது! டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. "எழுப்பாதே, நல்லா தூங்கட்டும்" என்று கைகளால் சொன்னார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். முத்தம் கொடுத்தார். படம் மறுபடி அசைந்தபோது அவள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மருமகனின் செய்தி பிறகு வந்தது. 'குழந்தை தங்கலை மாமா.' கண்ணை மூடிய பின் மகள் விரித்துக் காட்டிய வெறுங்கை அவரை எட்டவே இல்லை.

கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனார். அவள் காலடியில் உட்கார்ந்து, விரல்களால் சொன்னார். "படம் நின்னுபோச்சும்மா. எனக்குத் தெரியல."

"தெரியும்ப்பா," என்றன அவள் கைகள். "ஆனா கண்ணை மூடினா, நீங்க சிரிக்கிறதுதான் வருது."

டிரைவர் அந்த ஊர் டிப்போவுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். தினமும் மகள் வீட்டுக்குப் போவார், காய் நறுக்கித் தருவார், பஸ்ஸில் நடந்ததையெல்லாம் கைகளால் சொல்வார். அவள் தலையசைப்பாள். மறந்தும்கூட அவர் அவள் முன்னால் சிரிப்பதில்லை.