தூங்குகிற வீட்டில் ஒரு நேர்காணல்

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் வெண்கலம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தபோது மைக் கெட்டுப்போனாலும் அவளுக்குக் கவலையில்லை, அப்படியொரு தொண்டை. பிறகு பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் குரல், வராத வண்டியையும் வந்துவிட்டது என்று கூசாமல் சொல்லும். அதை ஏனென்று கேட்க ஆளில்லை.

வீட்டில் வெண்கலத்துக்கு வாய்ப்பூட்டுதான். கணவர் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல், பகலில்தான் தூக்கம். இருப்பது ஒரே அறை, குறுக்கே ஒரு துணித்திரை. குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். பள்ளி விடுமுறையில் மகள் சோறு கேட்பதுகூடச் சைகையில்தான்.

கிடங்குக் குளிர் அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. "நைட் வேலைய விட்டுடுங்க, நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். விட்டால் சோற்றுக்கு? ஆக, வெண்கலத்துக்கு ஒரு வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

ஒரு கம்பெனியில் போனில் வாடிக்கையாளர்களிடம் பேச ஆள் கேட்டார்கள். நேர்காணலும் செல்போனில்தான். கேட்பது மனிதர் இல்லை, இயந்திரம். அது பதிலைவிடக் குரலைத்தான் எடை போடுமாம். குறித்துக் கொடுத்த நேரம் நடுப்பகல், மாற்ற முடியாது. வெளியே போகலாமென்றால் எதிரே வெல்டிங் பட்டறை. பின்னால் சத்தம் கேட்டால் தேர்வே ரத்தாம்.

கதவை இறுகச் சாத்திவிட்டு, அடுப்படி மூலையில் குந்தி உட்கார்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொன்னாள். கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டது. "முதல்ல அவங்க பேசி முடிக்கட்டும்னு விடுவேன்" என்றாள், எறும்புக்குச் சொல்வதுபோல.

முடித்த கையோடு முடிவும் வந்துவிட்டது. தன்னம்பிக்கை: குறைவு. உற்சாகம்: இல்லை. தேர்வாகவில்லை.

"எனக்கா? எனக்கா தன்னம்பிக்கை இல்ல?"

அதையும் கிசுகிசுவென்றுதான் கேட்டாள். கொடுமையைப் பாருங்கள், வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை! குரலை நிறுக்கத் தெரிந்த அந்தச் சனியனுக்கு, "ஏம்மா மெதுவா பேசறே?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. அதைச் செய்து விற்ற மகராசன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

திரை விலகியது. கணவர் உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"எழுப்பிட்டேனா?"

"நான் எங்க தூங்கினேன்? இருமிட்டா உன் பரீட்சை கெட்டுடுமேன்னு தலகாணியக் கடிச்சுக்கிட்டு படுத்திருந்தேன்" என்றார். "நீ ஏன் கத்திப் பேசல?"

வெண்கலம் செல்போனை மறுபடி எடுத்தாள். அந்தக் கம்பெனி எண்ணைத் தட்டினாள்.

"உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படும்" என்றது ஒரு தேன்குரல்.

"செஞ்சுக்கோ! நல்லா பதிஞ்சுக்கோ!" எழுந்து நின்றுவிட்டாள். "இந்த வீட்ல ஒரு மனுசன் தூங்கணும்னு அடக்கி வெச்ச குரல் அது! அதுக்கு மார்க் போட நீ யாரு?"

எதிர்ப் பட்டறையில் வெல்டிங் நின்றது. கணவர் சுவரில் சாய்ந்துகொண்டு, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் இருமித் தீர்த்தார். தேன்குரல் காத்திருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிடங்குக்குக் கிளம்பினார்.