கவனிச்சுக்கோங்க மாப்பிள்ளை

பட்டறையில் அவருக்குக் காய்ச்சல்காரர் என்று பெயர். எஞ்சின் சூடாகிறது என்று எந்த லாரி வந்தாலும், பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையை அதன் அருகே கொண்டுபோவார். "மாத்திரை போதுமா, ஊசி போடணுமா?" என்று வெல்டர் வம்புக்கு இழுப்பான். "முதல்ல உன் வாய்க்கு ஒரு தையல் போடணும்டா" என்பார் இவர். அதோடு சரி, அதிகம் பேசுகிறவர் இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே மகள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். மாப்பிள்ளை எந்த வேலையிலும் காலூன்றாதவர். வேலை போனால் குடிப்பார், குடித்தால் கை நீட்டுவார். போன முறை உதடு வீங்கி வந்து நின்ற மகள், "இன்னொரு தடவை இவருக்கு வேலை போச்சுன்னா நான் இங்கயே வந்துருவேன்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டறையோடு லாரிகளும் வைத்திருந்த முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாக அவர் கெஞ்சி, மாப்பிள்ளையைப் பெரிய லாரியில் டிரைவராக ஏற்றிவிட்டார். அந்த வேலை நிலைத்தால் மகள் குடும்பம் நிலைக்கும் என்பது அவர் கணக்கு.

அந்த லாரிதான் இப்போது பட்டறையில் வந்து நின்றது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒழுங்காக இருக்க, ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் மட்டும் சிவப்புக்குப் போகிறதாம். மேட்டில் ஏறும்போது நாற்றம் வேறு.

"மீட்டர் கோளாறா இருக்கும் மாமா. வயரைப் புடுங்கி விட்ருங்க" என்றார் மாப்பிள்ளை, பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

"பாத்துரலாம் மாப்பிள்ளை" என்றார் அவர்.

தனியாக வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். சூடு நிஜம். ஆயில் கூலருக்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் பார்த்தார். போவது கொதித்தது, வருவது தணிந்திருந்தது. கூலர்மேல் பழியில்லை. எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே வடியும்வரை காத்திருந்து, அளவுக் கம்பியை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு ஆயில் ஏறியிருந்தது. அதில் நுரை.

விரலில் தேய்த்து முகர்ந்தார். டீசல் வாடை இல்லை. தண்ணீர் கலந்த வெளுப்பும் இல்லை. உள்ளே எங்கிருந்தும் ஒழுகி வந்ததல்ல, மேலிருந்து யாரோ ஊற்றியது. அளவுக்கு மிஞ்சிய ஆயிலில் எஞ்சினின் கிராங்க் தண்டு முங்கிச் சுழன்று, மத்தைப்போலக் கடைந்து கடைந்து அதைக் கொதிக்க வைத்திருக்கிறது. கேபினில் சீட்டுக்குப் பின்னால் காலி ஆயில் டப்பாக்கள் உருண்டு கிடந்தன.

மிஞ்சிய ஆயிலை வடித்துவிட்டு, மாப்பிள்ளை பெயரை இழுக்காமல், கூலரைக் கழுவினேன் என்று சொல்லிவிடலாம். ஒரு கணம் கை வடிகால் போல்ட் வரைக்கும் போயிற்று. ஆனால் ஃபில்டரை அறுத்து விரித்தபோது, மடிப்பெல்லாம் மினுமினுவென்று உலோகத் தூள். பேரிங் தேய்ந்துவிட்டது. இந்த எஞ்சினை இப்படியே அனுப்பினால் ஏதாவது இறக்கத்தில் இறுகி நின்றுவிடும். ஸ்டியரிங்கில் இருக்கப்போவது மாப்பிள்ளை.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யாருய்யா இவ்வளவு ஊத்துனது?" முதலாளி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மாமாதான் சொன்னாரு" என்றார் மாப்பிள்ளை, கண்ணைக்கூட இமைக்காமல். "ஆயில் மீட்டர் ஏறுதுன்னு போன் பண்ணேன். ஆயிலைக் கவனிச்சுக்கோங்கன்னாரு. கவனிச்சேன். ஏற ஏறக் கவனிச்சேன்."

வெல்டர் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். வேறு டிரைவராக இருந்தால், "நிறுத்துடா, கம்பியை உருவி அளவைப் பாரு, ஒரு சொட்டு ஊத்தாதே" என்று கத்தியிருப்பார். மாப்பிள்ளையிடம் அப்படிப் பேச நாக்கு எழாது. பெண்ணைக் கொடுத்த இடம். அதனால் அன்று போனில் மரியாதையாக, பட்டும் படாமலும், "ஆயிலைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்றார். ரேடியேட்டர் கொதித்தால் தண்ணீர் ஊற்றிப் பழகிய மனிதர், விருந்தாளியைக் கவனிப்பதுபோல ஆயிலை ஊற்றிக் கவனித்திருக்கிறார்.

"நீ அப்படியா சொன்னே?" என்றார் முதலாளி.

மகளின் வீங்கிய உதடு ஞாபகத்துக்கு வந்தது.

"ஊத்தச் சொன்னேன். என் தப்புதான்."

"இத்தனை வருஷம் பாத்த ஆளு..." முதலாளி விரித்த ஃபில்டரை ஓரமாக எறிந்தார். "இனிமே எஞ்சின்ல கை வைக்காதே. டயர் பக்கம் போயிரு." மாப்பிள்ளையைப் பார்த்து, "நீ நாளைக்கு வேற வண்டி எடு" என்றார்.

மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் பைக்கை உதைத்தார். மாமாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் டயர் கொட்டகையில் ஒருவரும் அவரைக் காய்ச்சல்காரர் என்று கூப்பிடவில்லை. வெல்டரும் தலையைக் குனிந்துகொண்டு போனான். மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனார். அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சொன்னாரு" என்றாள். "மாமனாருக்கு வயசாயிருச்சு, உளறிட்டாருன்னு ஒரே சிரிப்பு. நீ நிஜமாவே ஊத்தச் சொன்னியாப்பா?"

அவர் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும், சொல்லியிருக்க மாட்டே. எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டே?"

"வேலை போனா அவர் பழையபடி ஆரம்பிச்சுருவாரேம்மா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நைட்டியின் கையைத் தோள்வரை சுருட்டினாள். இரண்டு ரத்தக்கட்டு. ஒன்று மஞ்சளாகிப்போன பழசு. ஒன்று இன்னும் நீலம்.

"வேலை இல்லாதப்ப மட்டும்தான் அடிப்பாருன்னு உனக்கு யாருப்பா சொன்னா?"

அவர் புறங்கையை அந்த நீலத்தின் அருகே கொண்டுபோனார்.

"வேலை போச்சுன்னா வந்துருவேன்னு சொன்னேன்ல. அது மிரட்டல்னு நெனச்சியா? சோறு போடத் துப்பில்லாதவன், அதான் விட்டுட்டு வந்துட்டேன்னு சொன்னா நாலு பேரு ஒத்துக்குவாங்க. அவங்கம்மாகூட வாயைத் திறக்க முடியாது. எப்படா போகும்னு காத்துக்கிட்டு இருந்தேன்." கையை இறக்கிவிட்டாள். "இப்ப எதைச் சொல்லிக்கிட்டு நான் வர்றது?"

"எதையும் சொல்ல வேணாம். இப்பவே வா."

"வந்து? டயர் கழட்டுற சம்பளத்துல ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடறதா?" அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "கிளம்புப்பா. வண்டியை விட்டுட்டு வர்ற நேரம். நீ இங்க இருந்தா, என்ன பேசிக்கிட்டிருந்தீங்கன்னு கேட்டு அதுக்கும் தனியா அடிப்பாரு."

அவர் எழுந்திருக்கவில்லை. மகள் இரண்டாவது முறையும் கிளம்பச் சொன்னாள்.