ஏரியைப் பார்த்து ஓடு

சிதம்பரம் விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஊறவைத்த கொண்டைக்கடலையின் வாசனை, என்னை எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கே கொண்டுபோய்விட்டது.

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எப்படியாவது சேர வேண்டும் என்று, டிரில் மாஸ்டர் சொன்னபடி ஊறிய கடலையைத் தின்றுவிட்டு ஓடத் தொடங்கினேன். முந்தின இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. விடிந்ததும் வீராணம் ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். காரணமில்லாமல் ஓடுபவர்கள் எங்கள் ஊரில் இல்லை.

"கரை ஒடைஞ்சிடுச்சு, பையன் ஓடியாரான்" என்றார் ஒருவர். ஆடும் பாயுமாக ஊரே எனக்கு முன்னால் ஓடியது.

விஷயம் தெரிந்ததும் அப்பா மூச்சு வாங்க உட்கார்ந்தார். "எதுக்குடா ஓடுன?"

"ஒடம்புக்கு நல்லதுப்பா."

"கடலைய தின்னது நீ, ஓடுனது நாங்களா? ஓடு, வேணாங்கல. ஏரியப் பாத்து மட்டும் ஓடு."

அன்றுமுதல் தினமும் போகும்போது ஓடினேன், திரும்பும்போது நடந்தேன். பந்தயத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே சிதம்பரத்தில் உடைவதற்கு ஏரி இல்லை. போகும்போதும் திரும்பும்போதும் ஓடுகிறேன்.