ஒய்டூகே மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் எவருக்கும் ‘தெரியாது’ என்று சொல்கிற பழக்கம் கிடையாது. அதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூற்றொன்பதில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் சென்னையில் ஒய்டூகே வேலை பார்க்கிறான் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், அப்படியென்றால் என்ன என்று கேட்டுவைத்தேன். பெரிய கம்பெனி என்றார் அப்பா. வெளிநாட்டுப் படிப்பு என்றார் பெரியப்பா. கைநிறையச் சம்பளம் வருகிற வேலை என்றாள் அம்மா. ஆளுக்கொன்று சொன்னதுகூடப் பரவாயில்லை, மூவரும் அடித்துச் சொன்னதுதான் எனக்கு எரிச்சல்.

மாப்பிள்ளை வீட்டார் சூலூருக்குப் பெண் பார்க்க வந்த அன்றும் பின்கட்டில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓடுகிற தறியை நிறுத்த அப்பாவுக்கு மனசு வராது. அந்தச் சத்தத்தில் பெண் பார்க்கிற பேச்சு முழுவதையும் எல்லோரும் கத்தியே பேசினார்கள். என்னிடம் பெரிய கம்பெனி என்று சொன்னதை மறந்துவிட்டு, ஒய்டூகே என்றால் என்னங்க என்று அப்பாவே மாப்பிள்ளையிடம் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒய்யிங்கறது வருசமுங்க, டூகேங்கறது ரெண்டாயிரமுங்க. ரெண்டாயிரமாவது வருசம், அவ்வளவுதானுங்க” என்றார் மாப்பிள்ளை.

கம்ப்யூட்டருக்குள் வருஷத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்களாம். தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்து இரண்டு சைபர் வந்தால், இரண்டாயிரமா, ஆயிரத்துத் தொள்ளாயிரமா என்று மிஷினுக்குப் புரியாதாம். நூறு வருஷம் பின்னால் போய் நின்றுகொள்ளுமாம். அதை முன்கூட்டியே சரிசெய்வதுதான் அவர் வேலை, டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் முடித்தாக வேண்டும் என்றார். மனுஷர் எதையும் மறைக்கவில்லை. சொன்ன தேதிக்கு வேலையை முடிக்கிற பையன் என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

கார்த்திகையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். வாசல் கேட்டைச் சாத்தியதும் பெரியப்பா ஆரம்பித்தார். ஜனவரி ஒன்றாம் தேதி கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிட்டால் பையனுக்கு வேலை போய்விடும், பெண்ணைக் கொடுத்துவிட்டு முழிப்பதா என்று கேட்டார்.

“அவசரமே வேண்டாமுங்கண்ணா. மார்கழி போகட்டும். கம்ப்யூட்டரு ஓடுதான்னு பார்த்துப்போட்டுத் தையில வெச்சுக்கலாம்” என்றார் அப்பா.

எவ்வளவு முன்யோசனை என்று அவர்களுக்கே அவர்கள்மேல் மதிப்பு வந்துவிட்டது. காபி டம்ளர்களை எடுக்க வந்த அக்கா அப்படியே நின்றாள்.

“ஏனுங்கப்பா, தறி நல்லா ஓடுனா பிட்டருக்கு என்னங்க வேலை?”

தறி மக்கர் செய்தால், ரிப்பேர் பார்க்கிற பிட்டரைத் தேடி ஆள்மேல் ஆள் விடுவார் அப்பா. வந்தவருக்கு டீ என்ன, வடை என்ன. தறி ஒழுங்காக ஓடுகிற நாளில் அதே பிட்டர் தெருவில் எதிரே வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு அக்காவின் கேள்வி உறைத்திருக்க வேண்டாமா?

“போன வாரந்தான பிட்டரு வந்துட்டுப் போனான். இப்ப எதுக்கு?” என்றார்.

கல்யாணம் பேசுகிற இடத்தில் தறிப் பேச்சு எதற்கு என்று அம்மா அக்காவை உள்ளே விரட்டினாள். எனக்கும் அக்காமேல்தான் கோபம். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் சம்பந்தமில்லாமல் உளறுகிறாள் என்று முடிவுகட்டினேன்.

புது வருஷம் பிறந்த காலையில் பெரியப்பா எஸ்டிடி பூத்துக்கு ஓடினார். உலகத்தில் ஒரு கம்ப்யூட்டர்கூட நிற்கவில்லை, எல்லாம் ஜோராக ஓடுகிறது என்று மாப்பிள்ளையே சொன்னாராம். பையன் வேலை தப்பித்தது என்று அப்பா பத்திரிகை அடிக்கக் கொடுக்கக் கிளம்பினார். அம்மா முந்திரியை அள்ளிப் போட்டுக் கேசரி கிளறினாள். அக்கா தன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள், அதையும் சேர்த்துத் தின்றேன்.

தையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுவிருந்துக்கு வந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். மாசி போய்ப் பங்குனியும் வந்தது. எனக்குக் கேரம் சொல்லிக்கொடுத்தார், சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார், தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றார். அப்பா தறிக் கொட்டகையை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. அம்மா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அக்கா மட்டும் காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போய்த் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவாள்.

இவ்வளவு நல்ல மனுஷர் வீட்டில் இருக்கும்போது இவர்களெல்லாம் ஏன் இப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் லீவு கொடுக்கிற கம்பெனி கோயமுத்தூர் முழுக்கத் தேடினாலும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன்.